மரங்கொத்தி மன்றத்தின் நீண்ட ஞாயிறு

எல்லா ஊரிலும் புத்தி மட்டானவர்கள் இருப்பார்கள். அது அந்தந்த ஊரின் தலையெழுத்து. ஆனால் அவர்களை ஓர் இடத்தில் உட்கார வைத்து, தலைவர், செயலாளர் என்று பதவியும் கொடுத்து, வாசலில் பலகையும் மாட்டிய பெருமை, திருப்பூருக்குத் தெற்கே இருக்கும் கொட்டமுத்தாம்பாளையத்துக்கு மட்டும்தான் உண்டு. பலகையில் ‘ஹார்ல்டன் மரங்கொத்திகள் ரசிகர் மன்றம்’ என்று எழுதியிருக்கும். ஹார்ல்டன் அமெரிக்காவில் இருக்கிறது. மன்றம் மாவுமில்லுக்குப் பின்னால் இருக்கிறது.

மற்ற ரசிகர்கள் முதலில் ஓர் அணியைப் பிடித்துக்கொண்டு அப்புறம் பனியன் வாங்குவார்கள். இவர்களுக்குப் பனியன் முதலில் வந்தது. பனியன் கம்பெனியில் தைக்கிற ஆறுக்குட்டி, கழுத்துத் தையல் கோணல் என்று ஏற்றுமதியில் கழித்துப் போட்ட நான்கு பனியன்களை வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஒவ்வொன்றின் நெஞ்சிலும் ஒரு மரங்கொத்தி; முதுகில் ஒரு பெயர், ஓர் எண். நண்பர்கள் நாலு பேரும் ஆளுக்கொன்றை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார்கள். “யாருங்கய்யா இது முதுகுல?” என்று டீக்கடைக்காரர் கேட்டார். நாலு பேருக்கும் பதில் தெரியவில்லை. முதுகில் சுமக்கிற ஆளை யாரென்றே தெரியாமல் சுமப்பது மரியாதையா? அது ஹார்ல்டன் ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியின் பனியன் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, அன்றைக்கே மன்றம் ஆரம்பித்துவிட்டார்கள்.

தலைவர் பொன்னுலிங்கம். மில்லும் அவருடையது, டிவியும் அவருடையது, ஆகவே போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் முதுகில் இருந்தவர் பந்தை எறிகிற ஹாலோவே. செயலாளர் நாச்சிமுத்து, ஆட்டுத் தரகர். அவர் முதுகில் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற டீல். ஆறுக்குட்டியின் முதுகில் டங்கன் என்று ஒரு மலை. எதிரிகளை நெஞ்சால் முட்டித் தள்ளுவது அந்த ஆளின் உத்தியோகம். அவர் அளவுக்குத் தைத்த பனியனை ஆறுக்குட்டி மாட்டினால், உள்ளே ஆள் இருக்கிறதா என்று கூப்பிட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நாலாவது ஆள் சென்னியப்பன், கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறவன். அவன் முதுகில் மூன்றாம் நம்பர் மிலோ பிரிக்ஸ். இரண்டு கம்பத்துக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்புவது பிரிக்ஸின் வேலை.

சென்னியப்பனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பொண்டாட்டி பிள்ளை இல்லாத ஆள். நாள் முழுக்கக் கோழிகளோடு இருந்து இருந்து, அவனும் கழுத்தை வெட்டி வெட்டித்தான் பார்ப்பான். ஊரில் யாரும் அவனை எதற்கும் கூப்பிட்டதில்லை. மன்றம் வந்த பிறகுதான் “வாய்யா மூணாம் நம்பரு” என்று கூப்பிட ஆள் கிடைத்தது. அந்த ஓர் அழைப்புக்காக வாரம் முழுக்கக் காத்திருப்பான். முட்டாள்தான், ஆனாலும் எனக்கு அவனைப் பிடிக்கும்.

ஆட்டத்தின் நெளிவுசுளிவைச் சொல்லிக் கொடுத்தவர் ஆறுக்குட்டியின் கம்பெனி மேனேஜர் ஞானசேகர். வேலை விஷயமாக ஹார்ல்டனில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்தவர். போனில் கேட்டால் பொறுமையாக விளக்குவார். பாவம், தான் சொல்வதெல்லாம் இந்தப் பக்கம் வந்து என்ன கதியாகிறது என்று அவருக்குத் தெரியாது.

“அவங்க காயத்தை நம்ம காயமா நினைக்கணும். அவன்தான் ரசிகன்,” என்றார் ஒருநாள். அடுத்த ஆட்டத்திலேயே ஹாலோவேயின் தோள் பிசகியது. பொன்னுலிங்கம் கைக்குத் தொட்டில் கட்டிக்கொண்டு கட்டிலில் விழுந்துவிட்டார். மில்லை ஓட்டியது அவர் மனைவி மயிலாத்தாள். ஹாலோவேக்குக் குணமாகி ஆட வந்த பிறகும் தலைவருக்கு மட்டும் வலி விடவில்லை. அமெரிக்காவிலிருந்து சுகம் வந்து சேரத் தாமதமாகும் என்று சொல்லிவிட்டார்.

“ஆட்டத்துக்கு நடுவுல வட்டமா நின்னு, தலையைக் குனிஞ்சு, ரகசியமாப் பேசிக்குவாங்க,” என்றார் இன்னொரு நாள். நாலு பேரும் மில்லு வாசலில் தோளோடு தோள் கைபோட்டு வட்டமாகக் குனிந்தார்கள். நடுவில் யாரோ மயங்கிக் கிடக்கிறார்கள் என்று நினைத்த மிளகாய் அரைக்க வந்த கூட்டம், ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து மேலே ஊற்றியது. மயங்கினவர் இல்லாததால் நாலு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் நனைந்தார்கள்.

“அங்க கோச்சு வாயை அட்டையால மறைச்சுக்கிட்டுத்தான் பேசுவார். எதிராளி வாயசைவைப் பார்த்தே கண்டுபிடிச்சிருவான்,” என்றார். அன்றிலிருந்து மன்றத்தில் எல்லோரும் முறத்தால் வாயை மூடிக்கொண்டு பேசினார்கள். மில்லு முறம், மாவு படிந்தது. பேச்சைவிடத் தும்மல்தான் அதிகம் வந்தது.

“தலைவரே, எதிராளி இருக்கறது அமெரிக்காவுல. நாம பேசறது தமிழு. அவனுக்கு எப்படிங்க தெரியும்?” என்று ஆறுக்குட்டி ஒருமுறை கேட்டான்.

“அவனுக்குத் தெரியாது. ஆனா நமக்கே தெரியாமப் போனாத்தான் அது முழு ரகசியம்,” என்றார் பொன்னுலிங்கம், முறத்துக்குப் பின்னாலிருந்து.

இப்படியே போயிருந்தால் ஒரு தொந்தரவும் இல்லை. ஞானசேகர் இன்னொன்றும் சொல்லித் தொலைத்தார். “அணியை விட்டு அனுப்பினவன் பேரு போட்ட பனியனை அங்க ஒருத்தரும் போட மாட்டாங்க.” உடனே மன்றம் கூடித் தீர்மானம் போட்டது. வீரர் போனால் பனியனைக் கழற்ற வேண்டும். பனியன் இல்லாதவர் மன்றத்துக்குள் வரக்கூடாது. எல்லோரும் கைதட்டி நிறைவேற்றினார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டியவன் சென்னியப்பன்.

ஐப்பசி பிறந்ததும் மிலோ பிரிக்ஸின் காலைச் சனி பிடித்தது. உதைத்த பந்தெல்லாம் கம்பத்துக்கு வெளியே போனது. ஹார்ல்டனில் ரசிகர்கள் கொதிக்கிறார்கள், அடுத்த ஆட்டத்திலும் தவறவிட்டால் அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், காலேஜ் முடித்த ஒரு புதுப் பையனைப் பார்த்து வைத்திருக்கிறார்கள் என்று ஞானசேகர் செய்தி சொல்லி, பையனின் போட்டோவையும் அனுப்பினார். சென்னியப்பனுக்கு அன்று முட்டை பொறுக்கக் கை ஓடவில்லை. பிரிக்ஸ் போனால் பனியன் போகும். பனியன் போனால் மன்றம் போகும். அப்புறம் கோழிகள்தான்.

புதுப் பையன் தேறுவானா என்று ஆராய மன்றம் கூடியது. உருப்படி பார்ப்பதில் நாச்சிமுத்துவை மிஞ்ச ஆளில்லை. சந்தையில் அவர் கை வைக்காமல் ஓர் ஆடு விலைபோகாது. ஆறுக்குட்டியின் போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தார்.

“வாயைத் தொறக்கச் சொல்லு,” என்றார்.

“போட்டோ எப்படிங்கண்ணா வாயைத் தொறக்கும்?”

“பல்லைப் பார்க்காம ஒண்ணும் சொல்ல முடியாது. ரெண்டு பல்லு போட்டிருக்குதா, நாலு பல்லு போட்டிருக்குதான்னு தெரியோணுமல்ல? தொடை பரவாயில்லை. முதுகைத் தடவிப் பார்த்தாத்தான் கறி ஒட்டியிருக்குதான்னு சொல்லலாம்.”

சொன்னபடியே போட்டோவின் முதுகைக் கட்டைவிரலால் அழுத்தித் தடவினார். தடவியதும் பையன் ஓடிப்போய், அவன் இருந்த இடத்தில் நரைத்த தாடியும் தொப்பியுமாக அணியின் கோச்சு வந்து நின்றார்.

நாச்சிமுத்து போனைக் கீழே போட்டுவிட்டார். “ஐயையோ! ஒரு தடவு தடவுனதுக்கே கிழடாயிட்டானப்பா! இந்த உருப்படி தேறாது. பனி தாங்காது.”

“அப்ப எங்க பிரிக்சு தப்பிச்சானுங்களா?” என்று கேட்டான் சென்னியப்பன்.

“நான் வேண்டாம்னு சொன்ன உருப்படியை இதுவரைக்கும் எவனும் ஓட்டிக்கிட்டுப் போனதில்லை. தைரியமா இரு.”

சென்னியப்பன் தைரியமாக இருந்தான்.

அந்த முக்கியமான ஆட்டம் அங்கே ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. நமக்கு அது திங்கட்கிழமை காலை. பொன்னுலிங்கம் எழுந்து குளித்து, மன்றத்துக் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைத் தாளைக் கிழித்து, அதில் பொரியைக் கொட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தார். மரங்கொத்திகள் கடைசி வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடினார்கள். ஒரே ஓர் உதை மிச்சம். அது கம்பத்துக்கு நடுவே போனால் வெற்றி. பிரிக்ஸ் வந்தான், புல்லைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், உதைத்தான். பந்து இடது கம்பத்துக்கு வெளியே ஒரு முழம் தள்ளிப் போய் விழுந்தது.

சென்னியப்பன் எழுந்து நின்று பனியனைக் கழற்ற ஆரம்பித்தான். கழுத்துத் தையல்தான் கோணலாயிற்றே. தலை பாதியில் மாட்டிக்கொண்டது. கையிரண்டையும் மேலே தூக்கியபடி, பனியனுக்குள்ளேயே நின்று விம்மி விம்மி அழுதான்.

“அழாத மூணாம் நம்பரு,” என்றார் பொன்னுலிங்கம். “எனக்கு மட்டும் மனசு கேக்குதா? ஆனா தீர்மானம் போட்டுட்டமே. மெல்ல இழு, கிழிஞ்சிரப் போகுது.”

ஆறுக்குட்டி மனம் பொறுக்காமல் ஞானசேகருக்குப் போன் போட்டான். “சார், பிரிக்சை அனுப்பிட்டாங்களா?”

ஞானசேகர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். “இன்னும் இல்லப்பா. அங்க இப்ப ஞாயித்துக்கிழமைதானே. திங்கக்கிழமை விடியட்டும், விடிஞ்சா அவன் கதை முடிஞ்சுது,” என்று சொல்லிவிட்டு வாய் கொப்பளிக்கப் போய்விட்டார்.

பொன்னுலிங்கம் நெற்றியைச் சுருக்கினார். “அங்க இன்னும் ஞாயித்துக்கிழமையா?”

“அப்படித்தானுங்க சொல்றாரு.”

“நமக்கு?”

“திங்கக்கிழமைங்க.”

“நாம திங்கக்கிழமை பார்த்த ஆட்டம், ஞாயித்துக்கிழமையிலயே இருக்கறவனுக்கு எப்படி முடிஞ்சிருக்கும்?”

இப்படி ஒரு கேள்வி கொட்டமுத்தாம்பாளையத்தில் அதுவரை எழுந்ததில்லை. நாச்சிமுத்து முறத்தைக் கீழே வைத்துவிட்டார்.

“முடிஞ்சிருக்காதுங்க,” என்றார் மெதுவாக. “நேத்துல இருக்கறவன் இன்னிக்கு உதைக்க முடியாதல்ல?”

“அப்ப பிரிக்சு இன்னும் உதைக்கவே இல்லை!” என்று கத்தினான் ஆறுக்குட்டி.

காபி கொண்டுவந்த மயிலாத்தாள் வாசலில் நின்றாள். “ஏனுங்க, அவன் உதைச்சதைத்தானே இத்தனை நேரம் பார்த்துக்கிட்டு இருந்தீங்க?”

“அம்மணி, அது நம்ம திங்கக்கிழமையில உதைச்சது. அவன் ஞாயித்துக்கிழமையில இன்னும் கால் தூக்கலை. உனக்கு இதெல்லாம் புரியாது.”

“புரியவே வேண்டாஞ் சாமி,” என்று காபியை வைத்துவிட்டுப் போனாள்.

அவன் உதைப்பதற்குள் எச்சரித்துவிட வேண்டும், வலது பக்கம் ஒரு முழம் தள்ளி உதைக்கச் சொன்னால் போதும் என்று முடிவாயிற்று. பனியன் வந்த பெட்டியில் அணியின் ஆபீஸ் நம்பர் அச்சடித்திருந்தது. ஆறுக்குட்டி கூப்பிட்டான். மறுமுனையில் பதிவு செய்து வைத்த ஒரு பெண் குரல் இங்கிலீஷில் பேசியது. சலவைக் குறிப்புத் துணியில் இருக்கிற அளவுக்கு ஆறுக்குட்டிக்கு இங்கிலீஷ் தெரியும்; காதை அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

“ஞாயித்துக்கிழமை ஆபீசு லீவாம். திங்கக்கிழமை கூப்பிடச் சொல்லுது அந்தப் பொண்ணு.”

“கேட்டுக்கோங்க! ஞாயித்துக்கிழமைதான்னு அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க!” என்று தலைவர் தொடையைத் தட்டினார்.

“ஆனா திங்கக்கிழமை கூப்பிட்டுப் பிரயோசனம் இல்லீங்களே. விடிஞ்சா கதை முடிஞ்சுதுன்னு மேனேஜர் சொல்லிட்டாரே,” என்றார் நாச்சிமுத்து.

மறுபடியும் எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அப்போது பனியனுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

“அப்ப விடியாமப் பார்த்துக்கிட்டா என்னங்க?”

சென்னியப்பன் தன் ஆயுளில் சொன்ன முதல் யோசனை அது. மூன்று பேரும் அவனைச் சேர்ந்து இழுத்துப் பனியனைக் கீழே இறக்கி, முகத்தை வெளியே எடுத்தார்கள்.

“திங்கக்கிழமை எங்கிருந்துங்க வந்துது? காலையில நல்லா ஞாயித்துக்கிழமையாத்தான் இருந்துது. தலைவர் காலண்டரைக் கிழிச்சாரு. அப்பறந்தான் திங்கக்கிழமை வந்துது,” என்றான்.

பொன்னுலிங்கம் தன் கையையே பார்த்தார். “ஐயோ, பாவி நான்! என்ற கையாலயே கொண்டாந்துட்டனே!”

கிழித்த தாளைத் தேடி ஓடினார்கள். பொரி தின்று வெளியே வீசிய ஞாயிற்றுக்கிழமையை நாச்சிமுத்துவின் கிடாய் ஒன்று மென்றுகொண்டிருந்தது. நாலு பேரும் அதன் தாடையைப் பிளந்து நாளை மீட்டார்கள். மில்லில் மைதாவுக்கா பஞ்சம்? பசை காய்ச்சித் தாளைக் காலண்டரில் மறுபடி ஒட்டினார்கள். ஒரு மூலையை மட்டும் ஆடு தின்றிருந்தது. ராகுகாலம் போட்டிருந்த மூலை. “அதுவும் நல்லதுக்குத்தான். இனி நாள் பூரா நல்ல நேரம்,” என்றார் பொன்னுலிங்கம்.

அன்றிலிருந்து மன்றத்துக்குள் ஞாயிற்றுக்கிழமை. முன்னால் மில்லில் செவ்வாய் வந்தது, புதன் வந்தது. மன்றத்து வாசற்படி தாண்டி எதுவும் உள்ளே நுழையவில்லை. ஞாயிறு விடுமுறை என்று பொன்னுலிங்கம் மில்லுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மயிலாத்தாள்தான் மெஷினுக்குப் பட்டையை மாட்டி மாவு அரைத்தாள். ஆறுக்குட்டி கம்பெனிக்குப் போகவில்லை. நாச்சிமுத்து செவ்வாய்ச் சந்தைக்குப் போகவில்லை. ஆடுகள் அவர் முடிவை வரவேற்றன. சென்னியப்பன் மட்டும் பண்ணைக்குப் போய்வந்தான். கோழிகளுக்கு ஞாயிறு, திங்கள் கிடையாது என்று அவனுக்குத் தெரியும்.

ஆனால் மயிலாத்தாள் லேசுப்பட்டவள் அல்ல. புதன்கிழமை மத்தியானம் நாலு பேரும் இலை போட்டு உட்கார்ந்தபோது வெறும் கையோடு வந்து நின்றாள்.

“சோறு எங்க அம்மணி?” என்றார் பொன்னுலிங்கம்.

“இன்னிக்கு என்ன கிழமைங்க?”

“ஞாயித்துக்கிழமை.”

“ஞாயித்துக்கிழமை மத்தியானந்தான் கறியும் சோறுமா ஆக்கிப் போட்டனே. ஏப்பமெல்லாம் விட்டீங்களே. ஒரே மத்தியானத்துக்கு எத்தனை வாட்டி சாப்பிடுவீங்க?”

நாலு பேரும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்கள். தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

“நியாயமாத்தான் கேக்கறாங்க,” என்றார் நாச்சிமுத்து, இலையை மடித்துக்கொண்டே. “அதான் வயிறு கம்முனு இருக்குது போல.” வயிறு அப்போது நாலு வீட்டுக்குக் கேட்கும்படி உறுமிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவர்கள் பொரியையும் சென்னியப்பன் பண்ணையிலிருந்து கொண்டுவந்த உடைசல் முட்டையையும் வைத்துக் காலம் தள்ளினார்கள்.

தையல்காரனைக் காணோமே என்று தேடிக்கொண்டு வியாழக்கிழமை ஞானசேகரே நேரில் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“என்னப்பா இது கூத்து? பிரிக்ஸைத் திங்கக்கிழமையே அனுப்பிட்டாங்க. புதுப் பையன் வந்தாச்சு!”

மன்றம் அதிர்ந்தது. பொன்னுலிங்கம் ஆறுக்குட்டியின் காதில், “நாளைக்கு நடக்கப் போறதை இன்னிக்கே சொல்றாரே!” என்றார்.

நாச்சிமுத்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். “சாமி! என்ற மவளுக்குக் கண்ணாலம் எப்பங்க கூடி வரும்?”

“எழுந்திரிங்கய்யா! நான் ஒண்ணும் குறி சொல்லலை. இன்னிக்கு வியாழக்கிழமை! வியாழக்கிழமை!”

“பார்த்தீங்களா, வியாழக்கிழமை வரைக்கும் அவருக்குத் தெரியுது,” என்றார் பொன்னுலிங்கம் பயபக்தியோடு.

மில்லுக்கு வந்தவர்களில் ரெண்டு மூன்று பேர் காணாமல்போன எருமையைப் பற்றிக் கேட்க உள்ளே வருவதைப் பார்த்த ஞானசேகர், செருப்பைக்கூட மாட்டாமல் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஆறுக்குட்டியின் முகம் வெளிறிவிட்டது. ஆனால் சென்னியப்பன் சிரித்தபடிதான் நின்றான்.

“நாளைக்குத்தானுங்களே அனுப்பப் போறாங்க,” என்றான். “நாளைக்கு நம்மகிட்ட பசைக்கு அடியில ஒட்டித்தானே இருக்குது.”

எனக்கு இந்தக் கதையெல்லாம் காதில் விழுந்தது. நம்பாமல், ராகி அரைக்கிற சாக்கில் ஒரு காலை மில்லுக்குப் போனேன். பின்பக்கம் ஒரே கூச்சல். எட்டிப் பார்த்தேன். நாலு பேரும் பனியனோடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஆட்டம் டிவியின் செட்டாப் பெட்டியில் பதிவாகியிருந்ததாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆட்டம் உண்டல்லவா? ஆகவே தினமும் காலையில் போட்டுப் பார்க்கிறார்கள்.

கடைசி உதை வந்தது. “வலது பக்கம் பிரிக்சு! சித்தெ வலது பக்கம்!” என்று நாலு பேரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். பிரிக்ஸ் புல்லைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், உதைத்தான். பந்து இடது கம்பத்துக்கு வெளியே போய் விழுந்தது.

இப்போது அழுவார்கள் என்று நினைத்தேன். சென்னியப்பன் ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு, நிதானமாக எழுந்து போய், டிவியில் கையை வைத்துக் கம்பத்துக்கும் பந்துக்கும் நடுவே அளந்தான்.

“தலைவரே, முதல்ல ஒரு முழம் தள்ளிப் போச்சுதுங்க. இன்னிக்கு முக்கா முழந்தான்.”

“தினம் உதைக்கறானல்ல? காலு பழகிருச்சு,” என்றார் பொன்னுலிங்கம்.

“இன்னும் நாலு ஞாயித்துக்கிழமை போகட்டும், நடுவுல போட்டுருவான்,” என்றார் நாச்சிமுத்து.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. பதிவு செய்த ஆட்டம் எப்படியப்பா மாறும் என்று கேட்டேன். சந்தேகம் இருந்தால் நீங்களே வந்து அளந்து பாருங்கள் என்று சென்னியப்பன் வழிவிட்டு நின்றான். நானும் கிட்டப் போய்க் கையை வைத்துப் பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, முக்கால் முழம்கூட இல்லை.